வெந்நீர் போகாத இடம்

"ஏனுங்க டீச்சர், மூச்சு விடற எடத்துல எதுக்குங்க வெந்நி?"

நாச்சிமுத்து காரை விட்டு இறங்கும்போதே கேட்டுவிட்டார். கார்க் கதவைச் சாத்தக்கூட நேரமில்லை.

தெய்வானை வேறொரு காருக்கு அடியில் படுத்திருந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு செருப்புகள் மட்டும்தான்.

"தொட்டுப் பாத்தீங்களா?" என்றன செருப்புகள்.

சேந்தமங்கலத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் கேட்டு அலுத்த கேள்வி இது. தெய்வானை எட்டு வருடம் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுத்தவள். பிறகு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டாள். முப்பத்திரண்டு வயதுதான், ஆனால் அவளை விடப் பெரியவர்களும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையால் தொட்டுப் பார்க்காமல் யார் எதைக் கேட்டாலும் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு. கோழிப்பண்ணைக்காரர். அவருடைய பொறுமை எல்லாம் கோழிகளுக்கே செலவாகிவிடும். மனிதர்களுக்கு மிச்சம் இருப்பதில்லை.

அவர் பானெட்டைத் திறந்து விரலை நீட்டினார்.

"ஆத்தாடி."

விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"சுடுதுங்க டீச்சர். அதைத்தான் நானுஞ் சொல்றேன்."

செருப்புகள் நகர்ந்தன. தெய்வானை வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு அவசரம்?"

"நாலு வினாடிங்க."

அந்த நாலு வினாடியின் கதையையும் சொல்லிவிட வேண்டும்.

வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கிளப்காரர்கள் கொல்லிமலையில் போட்டி வைப்பார்கள். காலை ஒன்பது மணி வரை பாதையை அடைத்துவிடுவார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு கார். அடிவாரத்தில் ஒருவர் கடிகாரத்தோடு, உச்சியில் ஒருவர் கடிகாரத்தோடு. நடுவில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுகிறவர் இஷ்டப்பட்டால் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளலாம். யாரும் இஷ்டப்படுவதில்லை. எடை கூடிவிடும்.

போன வருடம் நாச்சிமுத்து இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் கந்தப்பன். நாச்சிமுத்துவின் மனைவி சாந்தாமணிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வித்தியாசம் நாலு வினாடி.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும் கந்தப்பன் பந்தியின் அந்தக் கோடியிலிருந்து நாலு விரலைத் தூக்கிக் காட்டினார். காதுகுத்தில் காட்டினார். ஒரு துக்க வீட்டில்கூட, தோளில் போட்டிருந்த துண்டுக்கு அடியில் மறைத்து, நாச்சிமுத்துவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி காட்டினார்.

நாச்சிமுத்து மச்சானோடு பேச்சை நிறுத்திவிட்டார். காரிலிருந்து பின் சீட்டைக் கழற்றினார். ஸ்டெப்னியைக் கழற்றினார். ரேடியோவைக் கழற்றினார். பிள்ளையாரை மட்டும் விட்டுவைத்தார், அவரையும் சமையல்கட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகுதான்.

போட்டிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"வீடியோவுல பாத்தனுங்க," என்றார். "எஞ்சின் காத்த உள்ள இழுக்குதே, இந்த த்ராட்டில், இதைச் சுத்தி எதுக்கு வெந்நி ஓடுது? இந்த ஹோஸ்ல வருது, ஒரு சுத்து சுத்துது, அந்த ஹோஸ்ல போகுது. கேட்டா, பனி பெய்யற ஊருல இங்க ஐஸ் கட்டிக்குமாம். அதுக்காக வெச்சதாம். சேந்தமங்கலத்துல ஐஸ் எங்கீங்க இருக்குது? ஐஸ் வண்டியில இருக்குது."

தெய்வானை கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு ஹோசையும் புடுங்கி ஒண்ணோட ஒண்ணு கோத்துட்டம்னா வெந்நி அப்படியே சுத்தி ஓடிரும். த்ராட்டில் குளுந்துரும். குளுந்த காத்துல எஞ்சினுக்குத் தெம்பு. தெம்பு வந்தா நாலு வினாடி."

அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்து இன்னும் ஏழெட்டு நியாயங்களைத் தயாராக வைத்திருந்தார்.

தெய்வானை மேசை டிராயரைத் திறந்தாள். ஒரு விரல் நீளப் பித்தளைக் குழாயையும் இரண்டு கிளிப்புகளையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எஞ்சின் ஆறட்டும். அப்புறம் நீங்களே போடுங்க."

ஏழெட்டு நியாயங்களும் வீணாகப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எஞ்சின் ஆறும்வரை அவரால் உட்கார முடியவில்லை. காரைச் சுற்றி நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், பக்கத்து சீட்டையும் தூக்கிடலாமுங்களா? பதினாலு கிலோ."

"அது இருக்கட்டும். நான் உட்காரணும்."

சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது. எடுத்துப் பார்த்து, அமுக்கி, திரும்பப் பைக்குள் போட்டார்.

"யாரு?"

"வூட்லதானுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் என்னக் கூப்புடாத, எதுன்னாலும் சூப்பர்வைசர்கிட்ட நேரா சொல்லிருன்னு சொல்லியிருக்கறேன். அவங்க ரெண்டு பேத்தையும் நேரா கோத்து உட்டாச்சுங்க. நமக்கு மண்டையில பாரமில்ல."

தெய்வானை ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.

வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. ஹோஸைப் பிடுங்கியபோது கொஞ்சம் கூலண்ட் தண்ணீர் அவர் வேட்டியில் கொட்டியது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. பித்தளைக் குழாயின் இரண்டு முனையிலும் இரண்டு ஹோஸ்களையும் செருகிக் கிளிப்பை முறுக்கினார். குழந்தைக்கு முதல் மொட்டை போட்ட தகப்பன் மாதிரி தள்ளி நின்று பார்த்தார்.

காரை எடுத்துக்கொண்டு ராசிபுரம் சாலையில் போய்விட்டு அரைமணி நேரத்தில் திரும்பினார். கண் இரண்டும் மின்னின.

"பறக்குதுங்க டீச்சர். இங்க பாருங்க, நிக்கறப்பவே உறுமுது. இதுக்கு முன்னால இப்படி உறுமியிருக்குதா?"

உண்மைதான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டே இருந்தது. ஆர்.பி.எம். முள் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கவில்லை.

"தெம்பைப் பாருங்க," என்றார் நாச்சிமுத்து.

தெய்வானை பட்டறைக்குள் போனாள். காலையில் அவர் கொண்டுவந்து கொடுத்திருந்த முட்டைத் தட்டை எடுத்து வந்தாள். முப்பது முட்டை. காரின் பக்கத்து சீட்டில் ஏறி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டை மாட்டினாள்.

"பத்து வளைவு ஏறுங்க. பத்து வளைவு இறங்குங்க. மெதுவா."

"முட்டை எதுக்குங்க?"

அவள் பெல்ட்டைச் சரிசெய்தாள்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. நாச்சிமுத்து வாய் ஓயாமல் பேசினார். எந்த வளைவில் எந்த கியர், எங்கே மச்சான் நேரத்தை விடுவார், எங்கே தான் பிடிக்கப்போகிறார். அவர் சந்தோஷம் கார் முழுக்க இருந்தது. தெய்வானைக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தாவது வளைவில் காரைத் திருப்பினார்கள்.

ஒன்பதாவது வளைவு வந்தது. நாச்சிமுத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். கார் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர் பிரேக்கை மிதித்தார். ஒரு முட்டை எகிறி விழுந்தது.

"மன்னிச்சுக்குங்க."

எட்டாவது வளைவில் முன்கூட்டியே காலை எடுத்தார். பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி கார் போனது. மறுபடி பிரேக். மூன்று முட்டை.

ஐந்தாவது வளைவுக்கு வந்தபோது பதினொரு முட்டை போயிருந்தது. தெய்வானையின் காக்கிக் கோட்டில் மஞ்சள் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"காலை எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"எடுத்தனுங்க. சத்தியமா எடுத்தனுங்க."

"அப்போ யாரு போறது?"

"வண்டிதானுங்க."

"அதுக்கு எங்க போகணுமாம்?"

நாச்சிமுத்து சாலை ஓரத்தில் இடம் தேடினார். நாலாவது வளைவை ஒட்டி அகலமான இடம் இருந்தது. ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். கார் நின்றது. எஞ்சின் மட்டும் நிற்கவில்லை, எங்கேயோ கிளம்புகிற வேகத்தில் உறுமியது. பாறைமேல் உட்கார்ந்திருந்த இரண்டு குரங்குகள் அதைப் பார்த்துவிட்டு மேல்கிளைக்குப் போயின.

அவள் இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள்.

"தொட்டுப் பாருங்க."

ஒரு தடவை பட்டுக்கொண்டதால் இந்தமுறை துணியை மடித்து வைத்து எஞ்சின் மேல்மூடியைத் தொட்டார். கை பொறுக்காத சூடு. துணியை எடுத்துவிட்டுத் த்ராட்டிலை ஒரு விரலால் தொட்டார். பிறகு உள்ளங்கையையே வைத்தார்.

"குளுந்திருச்சுங்க டீச்சர். சாதிச்சுட்டம்."

அவர் முகமெல்லாம் சிரிப்பு.

எஞ்சின் உறுமியது.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஏனுங்க, எஞ்சின் சூடாயி ஒரு மணி நேரம் ஆச்சே. இன்னும் எதுக்குங்க இப்படிக் கத்துது?"

"சூடாயிருச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"எதுக்குங்க?"

த்ராட்டிலுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழைக் காட்டினாள்.

"இதுக்குள்ள ஒரு துண்டு மெழுகு இருக்குது. காலங்காத்தால எஞ்சின் குளுந்து கெடக்கறப்ப நின்னுரக் கூடாதுன்னு கொஞ்சம் காத்தை அதிகமா உடும். மெழுகு உப்பினா அந்த வழி அடைச்சுக்கும்."

"எப்பங்க உப்பும்?"

தெய்வானை வேறொன்றைக் கேட்டாள்.

"புதுக் குஞ்சு எறக்குனா மொத வாரம் என்ன பண்ணுவீங்க?"

தனக்குத் தெரிந்த விஷயம் வந்ததும் நாச்சிமுத்து நிமிர்ந்தார்.

"பல்பு போட்டு முப்பத்திமூணு டிகிரி வெப்பனுங்க. அப்புறம் வாரா வாரம் கொறச்சுட்டே வருவேன்."

"கொறைக்கணும்னு யாரு சொல்லுவா?"

"யாரு சொல்லோணும்? குஞ்சே சொல்லுமுங்க. குளுருனா பல்புக்கடியில ஒண்ணுமேல ஒண்ணு ஏறி மொய்க்கும். கதகதப்பு பத்துச்சுன்னா கொட்டாய் முழுக்கப் பரவிப் படுக்கும். நான் கதவத் தெறந்து ஒரு பார்வை பாத்தாப் போதும். பாக்காம எப்படிங்க..."

நிறுத்தினார்.

குமிழைப் பார்த்தார். பித்தளைக் குழாயைப் பார்த்தார். மெழுகை உப்ப வைக்க வேண்டிய வெந்நீர் அந்த வழியாகத் த்ராட்டிலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"அடப்பாவமே," என்றார். "இதுக்கு ஆருமே சொல்லல. இது இன்னும் காலைல ஆறு மணின்னே நெனச்சுட்டு இருக்குது."

தெய்வானை சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். திடீரென்று மலை அமைதியாகிவிட்டது. எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரமும் அது விழுந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"ஆறறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்," என்றாள்.

இருவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். தட்டில் மீதி இருந்த பத்தொன்பது முட்டைகளை அவள் சீராக அடுக்கினாள்.

"அண்ணா, திங்கக்கெழம குஞ்சு வந்துச்சுன்னீங்களே."

"ஆமாங்க. நாலாயிரம்."

"இன்னிக்கு எப்படிப் படுத்திருக்குது?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். முப்பது வருடத்தில் யார் கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

அவருக்குத் தெரியவில்லை.

திறந்த வாய் மூடியது. பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். சாந்தாமணி அழைத்தது ஆறு தடவை. கந்தப்பன் அழைத்தது இரண்டு தடவை. இதில் எதையும் அவர் எடுக்கவில்லை. மச்சான் எதற்கு அழைப்பார், நாலு விரலைக் காட்ட முடியாததால் வாயால் சொல்ல அழைத்திருப்பார் என்று இருந்துவிட்டார்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம ஆயிருச்சா?" என்றாள் சாந்தாமணி.

"குஞ்சு எப்படிப் படுத்திருக்குது?"

அந்தப் பக்கம் கொட்டாய்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"பரவித்தான் படுத்திருக்குது. நல்லாயிருக்குது."

"செரி."

"வெச்சறட்டுமா?"

"இரு. வேற ஏதாச்சும் இருக்குதா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டு எத்தனை நாளாயிற்று என்பது இருவருக்கும் தெரியும்.

"அண்ணனுக்குக் கண்ணுல பொரை," என்றாள். "எதுக்க வர்ற வண்டி ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். அடுத்த வாரம் ஆபரேசன். வண்டியத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. செவ்வாக்கெழமயே அண்ணன் போட்டியில இருந்து பேரை எடுத்துருச்சு."

நாச்சிமுத்து கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"அன்னைக்கு இருந்து கூப்புடறனுங்க. சூப்பர்வைசர்கிட்டச் சொல்ற சமாச்சாரமா இது?"

"ம்."

"அண்ணன் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு."

"என்னவாம்?"

"மாப்பிள வண்டியில பக்கத்து சீட்டு காலியா இருக்குமான்னு. ஓட்டத்தான் கூடாது, பாக்கலாமில்லன்னு கேட்டுச்சு. உங்களையும் ரெண்டு தடவை கூப்புட்டுப் பாத்துச்சாமுங்க."

போனை வைத்த பிறகு நாச்சிமுத்து வெகுநேரம் வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக ஆளே இல்லாத எதிரியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை நினைத்துச் சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் இருமினார்.

தெய்வானை வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ஆறிருச்சுங்களா டீச்சர்?"

"தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. அவள் கேட்கும் முன்பே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கிளிப்பைத் தளர்த்தினார். பித்தளைக் குழாயை உருவி அவளிடம் கொடுத்துவிட்டு, வந்த ஹோஸை வந்த இடத்திலும் போகிற ஹோஸைப் போகிற இடத்திலும் மாட்டினார். வேட்டி மறுபடி நனைந்தது. குறைந்த தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஊற்றி நிரப்பினாள் தெய்வானை.

காரைக் கிளப்பினார்கள். எஞ்சின் பழையபடி உறுமியது.

"இன்னும் கத்துதுங்களே."

"சேதி போகட்டும்."

இருவரும் பானெட் பக்கத்தில் நின்று காத்திருந்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு. பந்தயத்தில் வினாடியை எண்ணுகிறவர் மாதிரி நாச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். த்ராட்டில்மேல் வைத்த விரலில் மெல்லச் சூடு ஏறுவது தெரிந்தது. விரலை எடுத்தார்.

சத்தம் ஒரு படி இறங்கியது. இன்னொரு படி இறங்கியது. பிறகு, அழுது தீர்த்த பிள்ளை தூங்குகிற மாதிரி, காது வைத்துக் கேட்டால்தான் உண்டு என்கிற அளவுக்கு அடங்கியது.

"டீச்சர்," என்றார் நாச்சிமுத்து ரகசியமாக. "அதுக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

கீழே இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அவர் காலை எடுத்தார். எடுத்ததும் கார் தணிந்தது. அடிவாரம் வந்தபோது தட்டில் பத்தொன்பது முட்டையும் இருந்தன. அவருக்கு அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் பத்தொன்பதும் பொன்முட்டை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

பட்டறை வாசலில் தெய்வானை இறங்கினாள். கோட்டில் மஞ்சள் காய்ந்து பொருக்காகியிருந்தது.

நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏதோ கணக்குப் போட்டார்.

"டீச்சர், மச்சான் எண்பத்தாறு கிலோங்க."

"இருக்கட்டும்."

"சீட்டு பதினாலு. மொத்தம் நூறு."

"ஆமா."

"அப்போ அந்த நாலு வினாடி?"

தெய்வானை அதற்குள் அந்த வேறொரு காருக்கு அடியில் படுத்துவிட்டாள். வெளியே இரண்டு செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"தொட்டுப் பாத்தீங்களா?"

எதைத் தொடுவது என்று அவருக்கு விளங்கவில்லை. பிறகு கையை நீட்டிப் பக்கத்து சீட்டில் வைத்தார். அங்கே ஆள் உட்கார்ந்து வந்த சூடு இன்னும் ஆறாமல் இருந்தது.

அந்தக் கையை எடுக்காமலேயே மற்றக் கையால் கைப்பேசியை எடுத்தார்.

"மச்சான், ஞாயித்துக்கெழம காலைல அஞ்சு மணிக்கு உங்க வாசல்ல வந்து நிப்பேன். அந்த நாலு விரலையும் மறக்காம எடுத்துட்டு வாங்க."